நான்காவது பொட்டு

"புது கேபிள் வேணும் சார்."

இதை மட்டும் மேனேஜரிடம் கேட்காதே என்று சேர்ந்த அன்றே கூட வேலை பார்க்கும் சோடாபுட்டி அண்ணன் சொல்லியிருந்தார். கேட்டேன். அதன்பிறகு நடந்தது அத்தனையும் உண்மை. நம்பாதவர்கள் இதோடு மூடி வைத்துவிடலாம்.

பழுதான ஹார்ட் டிஸ்க்கிலிருந்து ஃபைல்களை மீட்டுத் தரும் கடை. தகவல் வெளியே போய்விடுமாம்; அதனால் ஃபைல்களைக் காப்பி எடுத்து முடிக்கும்வரை ஆளை உள்ளறையில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். ஜன்னல் கிடையாது. செல்போனும் வெளியே.

மேனேஜர் ஒரு நீலக் கேபிளை நீட்டினார்.

"இது நீளம் ஜாஸ்தி, மடங்கி வேற இருக்கு. டேட்டா தப்பாப் போகும், திரும்பத் திரும்ப அனுப்பும். ஒரு மணி நேர வேலை நாள் பூரா இழுக்கும் சார்."

"இழுத்தா உட்காரு. படிச்ச திமிரைக் காட்டாதே."

எங்கள் வீட்டில் டிகிரி வாங்கிய முதல் ஆள் நான். இந்த வேலையைப் பற்றி அப்பா தெரு பூரா சொல்லி வைத்திருந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போனேன். மேனேஜர் பூட்டிவிட்டு, சாவியோடு சாப்பிடப் போய்விட்டார்.

கேபிள் மோசம் என்று தெரியும் ஒவ்வொரு முறையும் அதில் நெயில் பாலிஷால் ஒரு சிவப்புப் பொட்டு வைப்போம். இதில் மூன்று.

காப்பி ஊர்ந்தது. திரையில் மீதி நேரம் குறையவில்லை... ஏறியது.

ஏ.சி. நின்றது. கதவைத் தட்டினேன். யாரும் வரவில்லை.

நெயில் பாலிஷ் வாசனை...

கேபிளைப் பார்த்தேன். நான்கு பொட்டு. தொட்டேன். ஈரம்.

பிடுங்கி எறிந்தேன்.

காப்பி ஓடியது. கேபிளே இல்லாமல். முழு வேகத்தில்.

கர்ர்... கர்ர்...

கதவை நகத்தால் சுரண்டும் சத்தம். உள்பக்கம்.

நான் மேசையருகே இருந்தேன்.

காப்பி முடிந்தது. கதவு திறந்தது.

வெளியே அண்ணன் மட்டும். "எப்படிம்மா வந்தே? சாவி அவர்கிட்டல்ல இருக்கு!"

"நீலக் கேபிள்ணா... பொட்டு..."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "உனக்கு முன்னாடி இருந்த பொண்ணு. ஆஸ்துமா. அதுவும் புது கேபிள்தான் கேட்டுச்சு. பூட்டிட்டு சாப்பிடப் போனார். ஏ.சி. நின்னு... திறக்கறப்போ உயிர் இல்லை. ஆஸ்துமான்னே முடிச்சுட்டாங்க. பூட்டினதை யாரும் சொல்லலை. அதுகிட்ட கொடுத்த நீலக் கேபிளை நான்தாம்மா துண்டு துண்டா வெட்டிப் போட்டேன்."

ஏப்பம் விட்டபடி மேனேஜர் வந்தார். கையில் அடுத்த டிஸ்க். அதில் சுற்றிய நீலக் கேபிள்.

ஐந்து பொட்டு.

"உள்ளே போ."

பையை எடுத்தேன். "அந்தப் பொண்ணு வீடு எங்கேண்ணா? பூட்டினதைச் சொல்லணும்."

"இப்போ வெளியே போனா வேலை இல்லை!" மேனேஜர் கத்தினார்.

அண்ணன் மெல்ல வழி சொன்னார். நடந்தேன்.