டிராகன் ஜாடி நாலாவது மாடிக்குப் போன கதை

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு ஜாடியை மாடியேற்றப் போனேன். ஒரு வாரமாகியும் வியப்பு தீரவில்லை, அதனால் இந்தப் பதிவு.

ஜாடி என் தோழி சரசுவுடையது. இங்கே மலேசியாவில், செண்டாயானில் ஒரே தொழிற்சாலையில், பக்கத்துப் பக்கத்து மேசையில் வேலை செய்கிறோம். ரெஸ்ட் நேரத்தில் நாங்களெல்லாம் போனைத் தடவிக்கொண்டிருப்போம். அவள் மட்டும் பையிலிருந்து நூலையும் கொக்கி ஊசியையும் எடுத்து குரோஷே பின்னுவாள்.

அவளுக்கு இன்னொரு பித்தும் உண்டு. பழைய பீங்கான், மண் சாமான்.

மூடப்போகிற கோப்பிக் கடை, காலி செய்கிற வீடு, பழைய சாமான் பசார் என்று எங்கே போனாலும் கையில் ஏதாவது ஒன்றுடன்தான் வருவாள். சேவல் படம் போட்ட மங்குக் கிண்ணம், பச்சைப் பூ போட்ட கோப்பை, ஊறுகாய் போட்டு வைத்த குட்டி ஜாடி. (எனக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.)

அவள் புக்கிட் பெலண்டோக் பக்கம் தோட்டத்து வீட்டில் இருந்தவரை இடத்துக்குப் பஞ்சமில்லை. இப்போது தோட்ட நிர்வாகம் வீடுகளைத் திரும்பக் கேட்டுவிட்டது. கிடைத்தது ஒரு பிளாட் வீடு. நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது. ஹாலில் நாலு பேர் உட்கார்ந்தால் ஐந்தாவது ஆள் வாசலில் நிற்க வேண்டியதுதான்.

அவள் கணவர் குணா லோரி ஓட்டுகிறார். நல்ல மனிதர். ஆனால் வீட்டைப் பார்த்துவிட்டு வந்ததுமே கறாராகச் சொல்லிவிட்டார். சின்னச் சாமான்கள் வரலாம், பெரிய ஜாடி வரக்கூடாது.

அந்த ஜாடி இடுப்பு உயரம் இருக்கும். பழுப்பு நிறம், பளபளப்பு, உடம்பைச் சுற்றி ஒரு டிராகன். லுக்குட்டில் ஒரு கடையின் கொல்லையில் பாசி பிடித்துக் கிடந்ததாம். கேட்டு வாங்கி வந்து தேய்த்துக் கழுவியபோது டிராகனின் கண் முதலில் தெரிந்ததாம். அன்றைக்கு அவள் எனக்கு போன் செய்து பேசிய சந்தோஷம் இன்னும் காதில் இருக்கிறது.

குணா மறுத்ததற்கு அவள் சண்டை போடவில்லை. மேலே வரைக்கும் கொண்டுபோய்விட்டால் வைத்துக்கொள்ளலாமா என்று மட்டும் கேட்டிருக்கிறாள். முடிகிற காரியமா என்ற தைரியத்தில் அவரும் சரி என்றுவிட்டார்.

வீடு மாறும் நாளில் நானும் என் வீட்டுக்காரரும் உதவிக்குப் போனோம். கோப்பைகளையும் மங்குகளையும் பின்னல் போர்வைகளிலும் மேசை விரிப்புகளிலும் சுற்றி வைத்திருந்தாள். தோட்டத்துச் சாலையின் குழிகளையெல்லாம் தாண்டி வந்தும் ஒன்றுகூட விரிசல் விடவில்லை.

கடைசியில் ஜாடி மட்டும் படிக்கட்டின் அடியில் நின்றது.

ஆண்கள் இருவரும் தூக்கிப் பார்த்தார்கள். வழுக்கியது, பிடிக்க இடமில்லை. குணா லோரிக் கயிற்றை எடுத்து ஜாடியின் வயிற்றுப் பக்கமாகக் கட்டினார். தூக்கியதும் கயிறு மேலே ஏறி, ஜாடி சாய்ந்துவிட்டது. என் வீட்டுக்காரர் கட்டிப்பிடித்ததால்தான் தப்பியது.

"விடு சரசு. வழுக்கி விழுந்தா ஜாடியும் போகும், எங்க காலும் போகும். கீழ் வீட்டுல யாருக்காச்சும் குடுத்துருவோம் லா" என்றார் குணா.

சரசு ஜாடியையே பார்த்துக்கொண்டு நின்றாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன்.

"அந்தக் கயித்தைக் குடுங்க" என்றாள்.

கீழ்ப்படியில் உட்கார்ந்தாள். அவ்வளவு தடித்த கயிற்றுக்கு ஏது கொக்கி ஊசி? விரலையே கொக்கியாக்கிக்கொண்டாள். வளையத்துக்குள் வளையம் இழுத்து, முதலில் வட்டமாக ஓர் அடித்தட்டு பின்னினாள். ஜாடியைச் சாய்க்கச் சொல்லி அதை அடியில் நுழைத்தாள். பிறகு சுற்றிச் சுற்றி வலை மேலே ஏறியது. கழுத்தருகே இறுகியது. இரண்டு பக்கமும் நீளமான கைப்பிடி வந்தது. இரண்டாம் மாடி மலாய்க்கார அம்மா, மக்சிக், இறங்கி வந்து எங்களுக்கெல்லாம் குடிக்கச் சிவப்புச் சிராப் கொடுத்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்.

சரசுவின் உள்ளங்கை சிவந்துவிட்டது. நான் கொஞ்ச நேரம் செய்யட்டுமா என்றேன். நடுவில் கை மாறினால் பின்னல் தளர்ந்துவிடும் என்று மறுத்துவிட்டாள். (எனக்குப் பின்னவே தெரியாது என்பதை நாசூக்காகச் சொன்னாள்.)

முடித்ததும் நுனியைக் கணவரிடம் நீட்டினாள். "இதை இழுத்தா மொத்தமும் பிரிஞ்சிரும். நீங்க லோரியில போடுவீங்களே, அந்த முடிச்சு போடுங்க."

குணா மண்டியிட்டு முடிச்சுப் போட்டார். இழுத்துப் பார்த்தார்.

தூக்கியபோது வலை ஜாடியோடு இறுகிக்கொண்டது. மக்சிக் ஓடிப்போய்த் தன் செருப்பு ராக்கை உள்ளே இழுத்து வழிவிட்டார். மூன்றாம் மாடித் திருப்பத்தில் என் வீட்டுக்காரரின் கால் தடுக்கி, ஜாடி கம்பிப் பக்கம் ஆடியது. கைப்பிடி கைக்குள் இருந்தது. வலை அசையவில்லை.

"பிடிச்சிக்கிச்சு" என்றார் குணா, தனக்குத்தானே சொல்வதுபோல.

மேலே போன பிறகுதான் அவள் திட்டமே புரிந்தது. சுவரில் அலமாரி கிடையாது. கோப்பைகளையெல்லாம் முன்பே பின்னி வைத்திருந்த வலைகளில் போட்டு ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டாள். மங்குகள் பெட்டியில் பூட்டிக் கட்டிலுக்கு அடியில் வைக்க அல்ல, தினமும் சாப்பிடுவதற்கு. ஜாடி ஜன்னலோரம் நின்றது, அதற்குள் அவளுடைய நூல்கண்டுகள் முழுக்கப் போய்விட்டன. அந்தக் குட்டி ஹாலில் எதுவும் இடிக்கவில்லை. பச்சைப் பூக் கோப்பையில் சூடாகத் தே ஊற்றிக் கொடுத்தாள். கண்ணாடி அலமாரி வைத்த பெரிய வீடுகளுக்கெல்லாம் போயிருக்கிறேன். இப்படி ஓர் அழகை நான் பார்த்ததில்லை.

தே குடித்ததும் சரசு ஜாடியின் வலையைப் பிரிக்கப் போனாள். குணா தடுத்தார்.

"அவுக்காத. இருக்கட்டும்."

நேற்று ரெஸ்ட் நேரத்தில் அவளுக்கு போன் வந்தது. ரெம்பாவுக்குச் சாமான் இறக்கப் போன குணாதான். ஸ்பீக்கரில் போட்டாள்.

"சரசு, இங்க ஒருத்தரு ஜாடி ஒண்ணைத் தூக்கிப் போடப் போறாரு. நான் வேணாம்னு நிறுத்தி வச்சிருக்கேன். மூடி மட்டும் இல்ல... பரவாயில்லையா?"