கூகைக்கட்டு என்று சொன்ன வீக்கம்

என் கணவருக்குத் தாடைக்குக் கீழே வீங்கியபோது அவரே நோய்க்குப் பெயர் வைத்தார், அவரே வைத்தியமும் சொன்னார். கூகைக்கட்டாம், பொன்னுக்கு வீங்கி என்றும் சொல்வார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு வருகிற அந்த வீக்கம் ஐம்பது தாண்டிய மனிதருக்கு ஏன் வர வேண்டும் என்று கேட்டேன். அதற்கும் பதில் தயாராக இருந்தது.

"சின்னதில எனக்கு இடப்பக்கம் மட்டுந்தான் வந்த. வலப்பக்கம் மிச்சமாக் கிடந்த. அது இப்ப வருது."

நோய் என்ன, விதைக்காமல் விட்ட வயலா, அடுத்த போகத்துக்கு மிஞ்சிக் கிடக்க? ஆனால் அயலில் எல்லோரும் தலையாட்டினார்கள். ஒரு பக்கம் மட்டும் வந்தால் மற்றப் பக்கம் எப்போதாவது வந்தே தீருமாம். எங்கள் ஊர் மாங்கேணியில் இந்த விடயத்தில் எதிர்க்கட்சி நான் ஒருத்திதான்.

கூகைக்கட்டுக்கு யாரும் ஆசுபத்திரிக்குப் போவதில்லை. கழுத்தில் பொன் போட்டால் வற்றிவிடும் என்பார்கள். எங்கள் வீட்டில் பொன் என்று சொல்ல என் தாலிக்கொடிதான் இருந்தது. தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்து நான் கட்டிக்கொண்டு, கொடியை அவர் கழுத்தில் இரண்டு சுற்றாகப் போட்டுவிட்டேன். "மாப்பிள்ளைக் கோலம் நல்லா இரிக்கு" என்று சீண்டினேன். அவர் சிரிக்கவில்லை. "ஒட்டுற வருத்தம் புள்ள, கிட்ட வராத" என்று பாயைத் தூக்கிக்கொண்டு விறாந்தைக்குப் போய்விட்டார். பேசும்போதும் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்வார். எனக்கு ஒட்டிவிடக் கூடாது என்று பார்க்கிறாராக்கும் என நினைத்துக்கொண்டேன்.

அந்த நாட்களில்தான் எங்கள் மாடுகளில் ஒன்றின் கன்று பால் குடிக்காமல் நின்றது. கன்னம் புடைத்து, வாயால் நூலாக வீணீர் வடிந்தது. தன் வீக்கத்துக்குப் பொன் போட்ட மனிதர், கன்றின் வீக்கத்துக்கு உடனே மாட்டு டொக்டருக்குப் போன் எடுத்தார். அதுதான் அவர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

டொக்டர் ஓர் இளம் பெண். என் கணவர் கன்றின் தலையைப் பிடித்துக்கொள்ள, டொக்டர் அதன் வாயைத் திறந்து பார்த்தார். கன்னத்தின் உட்புறத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு புண். அதிலிருந்து எழுந்த நாற்றத்தில் நான் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தினேன்.

"வெளியில இருந்து வந்த கிருமி இல்ல அம்மா" என்றார் டொக்டர். "எப்பவும் வாயிலயே இருக்கிறதுதான். காத்துப் படாத இடத்திலதான் வளரும். இது முள்ளுக் கிள்ளு மேய்ஞ்சு கன்னம் கிழிஞ்சிருக்கு. அந்தக் காயத்தால உள்ளுக்குப் போய் அழுகப் பண்ணியிருக்கு. மனிசருக்கும் பல்லு முரசுக்குக் கீழ, சொத்தைப் பல்லுக்குள்ள இதுட சாதி கிருமியள் இருக்கு."

கன்றுக்கு ஊசி போட்டு, வாயைக் கழுவி, தாயிடம் விட்டோம். கன்று அந்தப் பக்கம் போனது. நாற்றம் போகவில்லை.

என் பக்கத்தில் அவர் நின்றிருந்தார். "கண்டு பிழைக்குமா டொக்டர்?" என்று கேட்டார். வாய்க்குள் சூடான கிழங்கை வைத்துக்கொண்டு பேசுவது போலிருந்தது குரல். டொக்டரின் பார்வை கன்றை விட்டு அவர் கழுத்துக்குப் போனது.

"ஐயா, வாயைத் திறங்க."

ஒரு விரல் நுழையும் அளவுக்குக்கூடத் திறக்க முடியவில்லை. நாக்கு மேலே தூக்கி நின்றது. கழுத்து கல்லாக இறுகியிருந்தது.

"நான் மாட்டு டொக்டர். மனிசருக்கு மருந்து சொல்லக்கூடா" என்றார் அந்தப் பெண். "ஆனா இது கூகைக்கட்டு இல்ல. இப்பவே போங்க. வீக்கம் உள்ளுக்க இறங்கினா மூச்சு அடைச்சிரும்."

"கூகைக்கட்டுக்கு ஆராவது..." என்று அவர் தொடங்கினார். என் வாயிலிருந்து அன்று வந்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. ஆட்டோவில் ஏறினார்.

வாகரை ஆசுபத்திரியில் பார்த்தவுடனேயே அம்புலன்சில் ஏற்றி மட்டக்களப்புக்கு அனுப்பினார்கள். வழியெல்லாம் அவர் மூச்சு இழுக்கிற சத்தத்தையே கேட்டுக்கொண்டு வந்தேன். இந்த மனிதர் இல்லாத வீட்டுக்குத் திரும்பிப் போவதை நினைக்கக்கூட என்னால் முடியவில்லை.

கழுத்தைக் கீறிச் சீழை எடுக்க வேண்டும் என்றார்கள். கொடியின் கொளுக்கி வீக்கத்துக்குள் புதைந்து போயிருந்தது. வெட்டத்தான் வேண்டும் என்று வந்த தாதி, அது என்ன கொடி என்று கண்டதும் கையை எடுத்துவிட்டார். என் கழுத்து மஞ்சள் கயிற்றைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார்.

"தாங்க, நான் வெட்டுறன்" என்றேன். வெட்டினேன்.

சொத்தைப் பல்லைப் பிடுங்கி, கழுத்தில் குழாய் வைத்து, ஊசிமேல் ஊசி போட்டார்கள். பிழைத்தார். ஆனால் ஆசுபத்திரி வாட்டில் நான் பக்கத்தில் போய் இருந்தால், இன்னும் சுவர்ப் பக்கம்தான் திரும்பிக் கிடந்தார்.

"இனி என்ன ஒட்டப் போகுதெண்டு அங்கால கிறுகிக் கிடக்கிறீங்க?" என்றேன்.

சுவரைப் பார்த்தபடியே சொன்னார்.

"அது கூகைக்கட்டு இல்லயெண்டு எனக்குத் தெரியும் புள்ள. முதல் நாளே பல்லடியில சீழ் வந்த. வாய் மணத்த. உனக்கு மணக்கப்படாது எண்டுதான் ஒட்டுற வருத்தமெண்டு சொன்ன."

இத்தனை வருடம் சாணமும் கோமியமும் மணக்க மணக்க ஒன்றாக வாழ்ந்துவிட்டு, வாய் மணத்துக்கு வெட்கப்பட்டு என்னை விட்டுப் போகப் பார்த்திருக்கிறார். ஏசத்தான் வாயெடுத்தேன். அழுகை வந்துவிட்டது.

"இஞ்சால கிறுகுங்க" என்றேன். அவர் அசையவில்லை. நான் கட்டிலைச் சுற்றிப் போய், சுவருக்கும் அவருக்கும் நடுவில், அவர் முகத்துக்கு நேரே உட்கார்ந்துகொண்டேன்.