அக்கா கேட்காத கம்பு

இரண்டு வருடங்களுக்கு முன்பு, லாபுவில் நாங்கள் குடியிருக்கும் செம்பனைத் தோட்டத்தில் நடந்தது இது. இப்போது நினைத்தாலும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. யார் மேல் என்பதைப் போகப் போகச் சொல்கிறேன்.

என் அக்கா அடுத்த வீட்டில் தனியாக இருக்கிறாள். மாமா காலமாகிப் பல வருடம் ஆகிறது. ஒரே மகளுக்கு ஜொகூரில் வேலை. பக்கவாதம் வந்து அக்காவுக்கு வலது பக்கம் விழுந்துவிட்டது. கால் ஓரளவு தேறியது, கை தேறவில்லை. அந்த நேரம் பார்த்து மகளுக்கு நல்ல இடம் அமைந்தது. கெமாஸில், மாப்பிள்ளை வீட்டிலேயே நிச்சயதார்த்தம் என்று பேசி முடித்த பிறகு அக்கா குண்டைத் தூக்கிப் போட்டாள்.

"நான் வரலடா. நீங்க போயி முடிச்சிட்டு வாங்க. என்னால சேல கட்ட முடியாது. நைட்டியோட போயி சம்பந்தி முன்னாடி உக்கார முடியுமா?"

பெற்றவள் இல்லாமல் என்ன நிச்சயம்? பிள்ளை போனில் அழுகிறாள். நான் நீலாயில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் மெஷின் பழுது பார்ப்பவன். என் கைக்கு வந்து ஓடாத மெஷின் கிடையாது என்ற திமிர் எனக்குக் கொஞ்சம் அதிகம். சேலைதானே, பார்த்துவிடலாம் என்று இறங்கினேன்.

முதலில் ஒரு கம்பு செய்தேன். மெல்லிய பிளாஸ்டிக் குழாய், நுனியில் ரப்பர் சுற்றிய கொக்கி. சட்டைக் கையை இழுக்கலாம், முந்தானையைத் தோளுக்கு ஏற்றலாம். அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "என்னாடா இது, என்னைக் கொல வெட்டப் போகச் சொல்றியா?" என்றாள். செம்பனைக் குலை வெட்டும் கம்பு போல இருந்ததாம். அடுத்து ரவிக்கையில் கொக்கிகளைப் பிய்த்துவிட்டு வெல்க்ரோ ஒட்டுப்பட்டை வைத்தேன். போட்டுப் பார்த்தவள் ஒரு தும்மல் தும்மினாள். 'டர்ர்' என்று மொத்தமும் பிரிந்த சத்தம் உள் அறையிலிருந்து எனக்கே கேட்டது. அதையும் சரிசெய்தேன். கடைசியில் மடிப்பைத் தைத்து, இடுப்பில் மாட்டினால் போதும் என்கிற மாதிரி ஒரு சேலையே தயார். தைத்தது என் மனைவி. அதை எப்படி மாட்டுவது என்று பசார் மாலாம் இரவுச் சந்தையில் கத்தி விற்பவன் மாதிரி இரண்டு கையாலும் விளக்கிக் காட்டினேன்.

எல்லாவற்றுக்கும் "நல்லாத்தான் இருக்கு" என்றாள். அடுத்த மூச்சிலேயே, "ஆனா நான் வரல."

எனக்கு வந்த கோபத்தைக் கேட்காதீர்கள். மூன்று வாரம் ஞாயிற்றுக்கிழமை ஓய்வு இல்லை. நடுவில் என் மனைவி வேறு, "என்னாங்க, அண்ணிக்கு வேற ஒரு..." என்று ஆரம்பிப்பாள். "நீ சும்மா இரு, எனக்குத் தெரியும்" என்று வாயை அடைத்துவிடுவேன்.

நிச்சயத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது வெடித்தேன். "மனுசன் மெனக்கெட்டு செஞ்சு தாறேன், ஒனக்குப் புடிவாதம்லா. பெத்த புள்ளைய விட வீம்பு பெருசா போச்சா?"

அக்கா முகம் சிவந்துவிட்டது. "சேலையத் தச்சிட்ட, ரவிக்கையத் தச்சிட்ட. பாவாட நாடாவ ஒத்தக் கையில எப்படிடா முடி போடுறது? இங்க அதக் கட்டிவிடச் சொல்லி ஒம் பொண்டாட்டி முன்னாடி தினம் நின்னு மானம் போவுது. சம்பந்தி வீட்டுல அவுந்தா யாரக் கூப்புடுவேன்? ஒன்னையா?"

சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டே சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் வெளியே வந்துவிட்டேன். கூடப் பிறந்த தம்பியிடம் ஒரு பெண் அதைச் சொல்லவே கூடாது. என் அவசரம் அவளைச் சொல்ல வைத்துவிட்டது. முதலில் சொன்னேனே எரிச்சல், அது என் மேல்தான். வீட்டுக்கு வந்து சொன்னால் மனைவி ஒரே வரியில் முடித்தாள்: "மூனு வாரமா அதத்தானே சொல்ல வந்தேன்."

அன்று சாயங்காலம் அறைக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு, வலது கையைத் துண்டால் உடம்போடு கட்டி, மனைவியின் பாவாடையைக் கால்சட்டைக்கு மேல் ஏற்றிக் கட்டிப் பார்த்தேன். நாடாவின் ஒரு முனையைப் பல்லில் கடித்தேன், சுவரில் இடுப்பை வைத்து அழுத்தினேன். அரை மணி நேரம். பாவாடை காலடியில் விழுந்ததுதான் மிச்சம். சிரிக்க வேண்டிய காட்சிதான், ஆனால் எனக்கு அழுகை வந்தது.

தீர்வு வீட்டிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. என் மகளின் பழைய பள்ளிப் பையின் தோள்பட்டை வார். இழுத்தால் இறுகும், அதிலுள்ள பிளாஸ்டிக் கட்டையை மேலே தூக்கினால் தளரும், முடிச்சே வேண்டாம். அதை அறுத்து, அக்காவின் பாவாடையில் நாடாவை உருவிவிட்டு, இடது கை எட்டும் இடத்தில் வைத்து மனைவி தைத்தாள். அவளே பழைய பேப்பரில் சுற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். நான் அந்தப் பக்கமே போகவில்லை.

கெமாஸுக்குக் கிளம்பும் காலையில் அக்கா உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். யாரையும் கூப்பிடவில்லை. ஒரு மணி நேரம் நாங்கள் காருக்குப் பக்கத்தில் நின்றோம். பச்சைப் பட்டில் வெளியே வந்தாள். மாப்பிள்ளை வீட்டில் நடுவில் ஒருமுறை எழுந்து தனியாகப் பின்கட்டுக்குப் போனபோது எனக்கு உயிரே இல்லை. போன மாதிரியே திரும்பி வந்து மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அந்த வாரைப் பற்றி அவளும் நானும் இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. "அந்தக் கம்பு முருங்கைக்கா பறிக்க நல்லாருக்குடா" என்று மட்டும் ஒருநாள் சொன்னாள்.

இப்போது அக்கம்பக்கத்தில் யாராவது இப்படி முடியாமல் போனால் என்னைக் கூப்பிடுகிறார்கள். அளவு நாடாவை எடுப்பதற்கு முன் என் மனைவியைத்தான் உள்ளே அனுப்புகிறேன். "என்ன வேண்டும்" என்று கேட்டால் மட்டும் போதாது, அதை என்னிடம் சொல்ல முடியுமா என்றும் யோசிக்க வேண்டும் என்பதை அக்காவை அழ வைத்துத்தான் நான் கற்றுக்கொண்டேன்.