சரோஜினிதேவி அக்காவின் சாதகக் கணினி

கொழும்பு வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், முதலாம் மாடியில் இருந்துகொண்டு சரோஜினிதேவி அக்கா சாதகம் பொருத்திக் கலியாணப் பேச்சுக்கால் நடத்தினார். தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு. தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். தான் மட்டும் கலியாணம் கட்டவில்லை. ஊருக்கெல்லாம் பலன் சொல்லும் பல்லி கழுநீர்ப் பானைக்குள் விழுந்ததாம் என்று நான் சீண்டினால், பானை குளிர்ச்சியாக இருக்கிறது என்பார்.

நான் மேல்வீட்டுக்காரி, கணினி வகுப்பு எடுப்பவள். கனடாவிலிருந்த அக்காவின் தம்பி வாங்கிக் கொடுத்த கணினியில் அவருக்குத் தட்டச்சுப் பழக்கியது நான்தான்.

பின்னேரங்களில் யன்னல் திரை கடற்காற்றில் உப்பி அடங்கும். அக்கா ஒரு சாதகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு இருப்பார். கிரகம் பார்க்கிறார் என்று நினைத்தால் பிழை. ரொறன்ரோவில் அந்தச் சாதகத்துப் பெண் சேலைக்கு மேல் தடித்த கோட்டுடன், பனியில் கால் வைக்கப் பயந்து நிற்பதையும் ஒருவன் கை நீட்டுவதையும் மனக்கண்ணில் பார்த்துக்கொண்டிருப்பார். ரயில் போனால் வீடு மெல்ல அதிரும். அக்காவுக்கு அதுவும் கேட்காது.

ஒவ்வொரு சாதகத்தின் கீழும் உள்வீட்டுச் சங்கதி ஒரு வரி இருக்கும். குழம்பிய சம்பந்தம், தகப்பனின் குடி, வலிப்பு. அக்கா மாப்பிள்ளை தேடிக்கொண்டிருந்த சிவமணியின் பக்கத்தில் இருந்தது வேறு: “மூன்று மாதம் இயக்கத்தில் இருந்தவர். மாப்பிள்ளைக்கு மட்டும் நேரில் சொல்லவும்.” பொய்யோடு ஒருவன் வீட்டுக்குள் போகமாட்டேன் என்று சிவமணியே எழுதுவித்தது. இரண்டு ஒழுங்கை தள்ளி அறை எடுத்து இருந்தாள். அந்த வரி ஆமியின் கண்ணில் பட்டால் புலியென்று கொண்டுபோவார்கள்; அவள் திரும்பி வரமாட்டாள்.

“கடவுச்சொல் போடுங்கோ அக்கா,” என்றேன்.

“பூட்டைக் கண்டால் திற எண்டுவாங்கள் பிள்ளை. வேறை வழி சொல்லு.”

சொன்னேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். அந்தக் காலத்துத் தமிழ் எழுத்துரு, ஆங்கில விசைகளுக்கு மேல் போட்ட சட்டை. அதைக் கழற்றினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வெறும் குப்பைதான் தெரியும். குப்பையை எவன் கிளறப்போகிறான் என்று நினைத்தேன்.

ஒருநாள் காலை பத்து மணிக்கு ஒழுங்கையின் இரு பக்கமும் அடைத்து, ஆமியும் பொலிசுமாக வீடு வீடாகச் சோதனை நடந்தது. நான் அக்காவோடு இருந்தேன். அதிகாரி கணினியைத் திறக்கச் சொன்னார். பக்கம் பக்கமாகக் குப்பை.

“மே மொகக்த?”

இது என்ன என்று சிங்களத்தில் கேட்ட குரலிலேயே விளங்கிவிட்டது. சங்கேத பாஷை என்று நினைத்துவிட்டார். பூட்டுக்கூட இவ்வளவு சந்தேகத்தைக் கிளப்பியிராது. கணினிப் பெட்டியையும் அக்காவையும் வாகனத்தில் ஏற்றச் சொன்னார்.

அக்கா எழுத்துருவை மாற்றினார். குப்பை முழுவதும் தமிழாகியது. தமிழ் தெரிந்த கொன்ஸ்டபிள் மஹ்ரூபைக் கூப்பிட்டார்கள். அவர் வாசித்து வாசித்துச் சிங்களத்தில் சொன்னார். நட்சத்திரம், உயரம், படிப்பு. சிவமணியின் பக்கம் வந்தது. அந்த வரியில் மஹ்ரூப் நின்றுவிட்டார். யன்னல் திரை உப்பியது, அடங்கியது, மறுபடி உப்பியது. எனக்குக் கனவு காண்பதுபோல் இருந்தது.

“இந்தப் பிள்ளை மூன்று மாதம் சுகமில்லாமல் ஆஸ்பத்திரியில் இருந்ததாம், சேர்,” என்று சிங்களத்தில் சொன்னார் மஹ்ரூப்.

அதிகாரி சிரித்தார். தன் தம்பிக்கும் ஒன்று பார்க்கச் சொல்லிவிட்டு இறங்கினார். மஹ்ரூப் கடைசியாகப் போனார். “இதெல்லாம் எழுதி வெக்காதீங்க அக்கா,” என்று மட்டும் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அன்று பின்னேரம் அக்கா உள்வீட்டு வரிகள் எல்லாவற்றையும் அழித்தார். சிவமணியைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னார். அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். வரி இருந்த வெற்றிடத்தையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்ப மாப்பிள்ளைக்குச் சொல்லமாட்டியளோ அக்கா?”

“எனக்கொண்டும் தெரியாது பிள்ளை. நீ ஆஸ்பத்திரியிலை இருந்தனி எண்டுதான் கேள்வி.”

சிவமணி கணினித் திரையிலிருந்து கண்ணை எடுத்தாள். பிறகு, படிப்பு எதுவென்று கேட்டால் சொல்லும் அதே குரலில் கேட்டாள்.

“என்ன காய்ச்சல் எண்டு சொல்லுறது, அக்கா?”