சித்தப்பாவுக்கு நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தது

காங்கேயத்தில் எங்கள் எண்ணெய் மில்லின் மோட்டார் ஓடத் தொடங்கினால் வீட்டு டிவியில் படம் சுருங்கிவிடும். அதனால் கார் பந்தயமெல்லாம் மில்லுக்கு விடுமுறையான ஞாயிற்றுக்கிழமைகளில்தான். கோவையிலிருந்து மாமா வாங்கிவந்த வீடியோ கேம் அது. கேசட்டில் ஏராளமான ஆட்டங்கள் இருப்பதாகப் போட்டிருந்தது. போட்டுப் பார்த்தால் நாலைந்துதான் வேறு வேறு பெயரில் திரும்பத் திரும்ப வந்தன. எனக்குப் பந்தயம் ஒன்றே போதும். மேலிருந்து பார்ப்பதுபோல ஒரு சாலை, அதில் ஒரு சிவப்புக் கார். மற்ற வண்டிகளைத் தாண்டி, பெட்ரோல் தீர்வதற்குள் ஊர் போய்ச் சேர வேண்டும்.

எங்கள் மில் லாரியை ஓட்டிவந்த சித்தப்பா அந்த வருஷம் அதைத் தொடவில்லை. வெள்ளகோவில் பக்கம் சைக்கிளில் வந்த ஒருவர் அந்த லாரியின் சக்கரத்தில் சிக்கிக் காலை இழந்திருந்தார். சித்தப்பா மேல் தப்பில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். அவரோ களத்தில் காயும் தேங்காய்ப் பருப்பைக் கிளறிக்கொண்டிருந்தார். இதெல்லாம் என் காதிலும் விழுந்ததுதான். ஆனால் என் கவலை, கிணத்துக்கடவுக்குத் தேங்காய் ஏற்றப் போகும்போது முன்சீட்டில் உட்கார முடியவில்லையே என்பது. ரொம்ப நாள் ஓட்டாததால் சித்தப்பாவுக்கு வண்டி ஓட்டுவதே மறந்துவிட்டது என்று நானாக முடிவு செய்தேன். கற்றுக்கொடுத்தால் சரியாகிவிடும்.

ஒரு ஞாயிறு அவரை இழுத்துவந்து டிவி முன்னால் உட்காரவைத்தேன்.

“ஹார்ன் எதுல கண்ணு இருக்குது?”

“ஹார்னெல்லாம் இல்லீங்க சித்தப்பா.”

“ஹார்ன் இல்லாத வண்டிய ரோட்டுல உட்டவன் எவன்டா?”

இடது ஓரமாகவே போனார். முன்னால் போகும் காருக்குப் பின்னால் பொறுமையாகக் காத்திருந்தார். வளைவு வந்தால் வேகத்தைக் குறைத்தார். பாதி வழியில் பெட்ரோல் தீர்ந்தது.

கட்டிலில் படுத்திருந்த அப்பா, “டேய், மாட்டுவண்டியே உன்னயத் தாண்டிப் போயிருமாட்ட இருக்குதேடா” என்றார். சித்தப்பாவே சிரித்துவிட்டார்.

நான் அத்தோடு விட்டிருக்கலாம். தலை நரைத்த பிறகும் அடுத்து நடந்ததை நினைத்தால் கூசுகிறது. “இடிச்சாலும் ஒண்ணும் ஆவாதுங்க, பாருங்க” என்று சித்தப்பா கையிலிருந்த ஜாய்ஸ்டிக்கைப் பிடுங்கி, முன்னால் போன காரில் வேண்டுமென்றே மோதினேன். கார் வெடித்துச் சிதறியது. திரை மினுக்கியது. புதுக் கார் ஒன்று வந்து நின்றது.

சித்தப்பா எழுந்து களத்துக்குப் போய்விட்டார். “சித்தப்பாவுக்குப் பயம்!” என்று அவர் முதுகுக்குப் பின்னால் கத்தினேன். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்க வேண்டும்.

அடுத்த ஞாயிறு அவராகவே வந்தார். “இடிக்காம ஓட்டறதுன்னாச் சொல்லிக்குடு. கத்துக்கறேன்.”

வாரக்கணக்கில் கற்றுக்கொடுத்தேன். கடைசியில் ஒரு நாள், எந்த வண்டியையும் உரசாமல் ஊர் போய்ச் சேர்ந்தார். சித்தி அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்து பார்த்தாள். கார் பந்தயத்துக்கு எதற்குச் சித்தி கண்ணைத் துடைக்கிறாள் என்று எனக்கு வேடிக்கையாக இருந்தது.

அதன் பிறகுதான் சித்தப்பா அப்பாவிடம் சாவியைக் கேட்டு வாங்கி லாரியைக் கிளப்பினார். முன்சீட்டில் நான்.

“நாஞ் சொல்லிக்குடுத்ததுதானுங்களே சித்தப்பா?”

“ஆமாங்க வாத்தியாரே. கால மடக்கிச் சும்மா உக்காருங்க.”

வண்டி கிணத்துக்கடவுப் பக்கம் திரும்பவில்லை. வெள்ளகோவில் தாண்டி ஓர் ஓட்டுவீட்டின் முன்னால் நின்றது. சித்தப்பா இறங்கினார். கூப்பிடாமல் வாசலிலேயே வெகுநேரம் நின்றார். கக்கத்தில் கட்டை ஊன்றியபடி ஒருவர் வெளியே வந்தார். சித்தப்பா தலைகுனிந்து ஏதோ சொன்னார். அவர் லாரியையும் என்னையும் பார்த்துவிட்டு, சித்தப்பாவின் தோளில் கைவைத்து உள்ளே அழைத்தார்.

மில்லுக்கு வாடிக்கைக்காரராக்கும் என்று நினைத்தேன். சித்தப்பாவுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் நான்தான் என்ற பெருமையில் சீட்டில் எழுந்து நின்று அவருக்குக் கையாட்டினேன். கட்டையைச் சுவரில் சாய்த்துவிட்டு, அவரும் கையாட்டினார்.