வெறும் தொப்பியில் ஓடிய அலை

18.2.2025, செவ்வாய்

இன்று கடைசி ஆள் போனபின் மிஷினை நிறுத்த மறந்துவிட்டேன். அது புதுப் பதிவாக ஓடியிருக்கிறது. தவறு என்னுடையதுதான். ஆனால் அதன்பிறகு நடந்தது கற்பனை இல்லை. கூட வேலை செய்யும் ரஃபீக்கும் பார்த்தான்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கடைக்கு மேல் மாடியில் எங்கள் அறை. பல நாட்டு மையங்கள் சேர்ந்து நடத்தும் மூளை ஆராய்ச்சியில் நாங்கள் ஒரு சின்னக் கிளை. வருகிறவர் தலையில் ஒயர் தொப்பியை மாட்டி, கண்ணை மூடச் சொல்வோம், திறக்கச் சொல்வோம். மூளையின் அலை திரையில் ஓடும்; மூடினால் சீராக எழும், திறந்தால் அடங்கும். பதிவு தானாகவே பொது சர்வருக்குப் போய்விடும்.

நாலு மணிக்கு எங்கள் தெரு இசக்கியம்மாள் அக்கா மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து போனில் பேசினாள். அவள் வீட்டுக்காரர் சிவபாண்டி அண்ணன் போன மாதம் எங்களிடம் பதிவு கொடுத்தவர். சோழபுரம் பக்கம் பைக்கோடு விழுந்து மூன்று நாளாகிறது.

"மூளை செத்துப்போச்சுங்காவ விஜி. சாயங்காலம் இன்னொரு டெஸ்ட்டாம். பொறவு உறுப்பு தானத்துக்குக் கையெழுத்துப் போடணும். நீ இந்த மிஷின்லதான இருக்க, சொல்லு. அவிய முழிக்க மாட்டாவளா?"

"எனக்குத் தெரியலக்கா."

5.50. தொப்பி, அதை மாட்டிவைக்கும் பிளாஸ்டிக் தலைப் பொம்மையில் இருந்தது. யாரும் போடாத தொப்பி என்றால் திரையில் கோடு தாறுமாறாகக் கிறுக்கும். இது சீராக ஓடியது... கண்ணை மூடியிருப்பவரின் அலை.

"ஏட்டி, ஃபேன் கரண்டு ஒயர்ல ஏறுது. அதுக்கா இப்படி முழிக்க?" என்றான் ரஃபீக்.

ஃபேனை அணைத்தேன். அலை நிற்கவில்லை.

"கண்ணைத் தொறங்க," என்றேன். சும்மாதான்.

அலை அடங்கியது.

"மூடுங்க."

திரும்ப வந்தது.

ரஃபீக் சிரிக்கவில்லை.

பிறகு நான் எதுவும் சொல்லாமலே... இமை சிமிட்டினால் வரும் மேடு. ஒன்று. இன்னொன்று. அப்புறம் விடாமல்...

6.04. ரஃபீக் ஒயரைப் பிடுங்கினான்.

நேர்க்கோடு.

அக்காவுக்குச் சொல்லப் போனை எடுத்தேன். என்னவென்று சொல்வது? என் கண்ணையே என்னால் நம்ப முடியவில்லை. வைத்துவிட்டேன். பஸ் ஏறி ராஜபாளையம் வந்து வழக்கமான டைப்பிங் வகுப்பில் உட்கார்ந்தேன். கை அதுபாட்டுக்கு அடித்தது.

எட்டரைக்கு அக்காவே பேசினாள்.

"கையெழுத்துப் போட்டுட்டேன் விஜி." குரலில் ஒன்றுமே இல்லை. "ஆறு மணி இருக்கும். டாக்டர் இமையைத் தூக்கி டார்ச் அடிச்சாரு. நான் அவிய காதுல, கண்ணைத் தொறங்க, கண்ணைத் தொறங்கன்னு கத்துனேன். அசையல."



ஒன்பது மணிக்கு சர்வரிலிருந்து மெயில். அலைகளை ஒப்பிட்டதில், இன்று மாலைப் பதிவும், போன மாதம் சிவபாண்டி அண்ணன் கொடுத்த பதிவும் ஒரே ஆளுடையவையாம். ஒருவருக்கு ஒரு பதிவுதான் அனுமதி.

நாளை: காலை பத்து மணிக்குள் இரண்டில் ஒன்றை அழிக்க வேண்டும்.