கட்டம் போட்ட நோட்டு

என் கண்ணுங்களா, போன ஞாயிறு என் இரண்டு கையிலும் ஏதப்பா கீறல் என்று கேட்டீர்கள். பூனை பிறாண்டிவிட்டது என்றேன். அது பொய். பத்திரிகையில் இந்தச் சிறுவர் பக்கத்தைப் படிக்கிற மற்றப் பிள்ளைகளும் கேட்டுக்கொள்ளட்டும்... சொல்லிவிடுகிறேன்.

ஓரிக்கை தாண்டி, பாலாற்றுக்கு அக்கரையில் ஒரு பழைய மாதா கோயில் இடிந்து கிடக்கிறது. கூரை கிடையாது. இரண்டு வரிசைத் தூண்கள், கோடியில் அரைவட்டமாக ஒரு சுவர். வாசல் கல்லில் திராட்சைக் கொடி செதுக்கியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, நான் நெய்யும் சேலைக் கரைக்கு டிசைன் ஆகுமே என்று சனிக்கிழமை சைக்கிளில் போனேன்.

எனக்கு முன்னால் அங்கே ஓர் ஆள்! சப்பணமிட்டு உட்கார்ந்து அதே கொடியை வரைந்துகொண்டிருந்தார். எதில்? கட்டம் போட்ட நோட்டில்!

நெசவு வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாம் கரை டிசைனைக் கட்டத்தில்தான் போடுவோம். ஒரு கட்டம், ஓர் இழை. புது டிசைன் தறியில் ஏறும்வரை பக்கத்து வீட்டுக்குக்கூடக் காட்ட மாட்டோம். கட்டத்தில் கொடி வரைகிறவன் நெசவுக்காரனைத் தவிர வேறு யாராக இருக்க முடியும்?

“இன்னா சார், வரைஞ்சிக்கினு இருக்கீங்க?”

“சும்மாதாங்க.” நோட்டை மூடிக்கொண்டார். “நீங்க?”

“நானும் சும்மாதான்.”

சும்மா வரைகிறவர் நோட்டை ஏன் மூட வேண்டும்? டிசைனைத் திருட எந்தத் தறி முதலாளி அனுப்பிய ஆளோ... அவர் ஆற்று மணலில் இருந்த ஊற்றில் தண்ணீர் குடிக்கப் போனார். அந்த நேரம் பார்த்து என் கண்ணில் பட்டது, மண்ணில் பாதி புதைந்த ஒரு மூலைக்கல். கொடி வளைந்து திரும்புகிற இடம் அதில்தான் இருந்தது. கரையும் முந்தானையும் சேருகிற இடம் மாதிரி — உயிரே அங்கேதான்!

மண்ணைத் தள்ளி மூடினேன். வேலிமுள்ளை இழுத்து மேலே போட்டேன். இடது கையை நன்றாகக் கீறிவிட்டது.

திரும்பி வந்தவர், “ஏம்பா, இங்க ஒரு மூலைக்கல்லு கெடக்கணுமே, பார்த்தியா?” என்றார்.

“இல்லியே!”

பார்த்தீர்களா? உங்களைப் பொய் சொல்லாதே என்று அதட்டுகிற அதே வாய்.

கிளம்பும்போது அவர் சைக்கிள் கேரியரைப் பார்த்தேன். சாக்குக்குள் உளி, சுத்தியல். “நீங்க கல்வேலையா?”

“ஆமாம்பா. ஊர்ல புதுசா மாதா கோயில் கட்டுறாங்க. இந்த வாசலை எடுத்து அங்க நிறுத்தணுமாம். ஒடைஞ்சதை நான் செதுக்கணும். கணக்கு நோட்டுல கட்டம் இருக்குதா, அளவு தப்பாது. படம் கோணலா வருது, அதான் மூடிட்டேன். சிரிப்பியேன்னு!”

“மூலைக்கல்லு கெடைக்கலைன்னா?”

“கொடி எந்தப் பக்கம் திரும்புதுன்னு தெரியலியேப்பா. நானா ஒண்ணு செதுக்கினா பொய்யாயிடும். நாளைக்கு ஒரு நாள் தேடுவேன். இல்லாங்காட்டி அந்த மூலையை வெறுங்கல்லா விட்டுட வேண்டியதுதான்.”

அப்போதாவது சொன்னேனா? முள்ளைப் பார்த்தேன், அவர் முகத்தைப் பார்த்தேன்... “நேரமாச்சு, வரேன்” என்று சைக்கிளை மிதித்துவிட்டேன். சந்தேகப்படுவது எவ்வளவு சுலபம்! அதை வாயைத் திறந்து ஒப்புக்கொள்வதுதான் வரமாட்டேன் என்கிறது.

மறுநாள் விடிந்ததும், நீங்கள் எழுந்திருக்குமுன், தனியாகத் திரும்பப் போனேன். அவர் இன்னும் வந்திருக்கவில்லை. முள்ளை இழுத்து எறிந்துவிட்டு, துண்டை ஊற்றில் நனைத்துவந்து கல்லைத் துடைத்தேன். கொடி இடது பக்கம் திரும்பியிருந்தது. அதை வரைந்துகொள்ள என் நோட்டை நான் எடுத்துப்போகவே இல்லை.

வலது கைக் கீறல் அந்த முள்ளை இழுத்தபோது விழுந்தது.